மருத்துவக் காப்புறுதியும் மோர் மிளகாயும்

ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் இடத்தில் முதல் வேலை, பைகளைப் பார்ப்பதுதான். தாதிமாரின் சட்டைகள், டொக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள், சமையற்காரரின் ஏப்ரன்கள் எல்லாம் பெரிய சாக்குகளில் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, பைக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகே இயந்திரத்துக்குள் போடலாம். ஒரு பேனை தப்பிப் போனால் போதும், அந்த முறை போட்ட துணி முழுவதும் மைக்கறையோடு வெளியே வரும். பேனை, சில்லறை, பாதி கடித்த பிஸ்கட், ஒற்றைத் தோடு என்று என்னவெல்லாமோ கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்போம். சாக்கை ஏற்றிவந்த ஆள் திரும்பப் போகும்போது கொண்டுபோவான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாதியின் பையிலிருந்து நீல நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சாமான் வந்தது. விசில் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சமோவாப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் ஏப்ரன் பைக்குள்ளிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினாள். வாயில் வைத்தாள், அமுக்கினாள், மூச்சை உள்ளே இழுத்துச் சற்று நேரம் அடக்கி வைத்திருந்தாள். பிறகு பழையபடி பாட்டுப் பாடிக்கொண்டு சாக்கை அவிழ்க்கத் தொடங்கினாள். ஆஸ்துமாவுக்கு மருந்து. பஃபர் என்று இங்கே சொல்வார்கள். ஈரக்காற்றும் குளிர்வீடுகளுமான ஆக்லாந்தில் அது கைக்குட்டை மாதிரி ஒரு சாமான் என்று மெல்ல மெல்ல விளங்கியது. எங்கள் டப்பாவில் அது கிடக்காத கிழமை கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலம் காதால் கேட்டு வந்ததுதான், அதில் பாதி சலவைத்தூள் பற்றியது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. தமிழிலும் அப்படித்தான். கலியாண வீடுகளில் நான் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். செம்பைக் கையில் வைத்திருக்கிறவனோடு யாரும் நின்று கதைக்க மாட்டார்கள்.

வீட்டிலும் உடுப்புத் தோய்ப்பது என் வேலைதான்.

"வெளியில சம்பளத்துக்குத் தோய்க்கிற மனுஷனுக்கு வீட்டில சும்மா தோய்க்கக் கை வலிக்குமோ?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு உடுப்புகளையும் பைகளைப் பார்த்தே இயந்திரத்துக்குள் போடுவேன். அப்படி ஒரு சனிக்கிழமைதான், மருமகளின் கம்பளிச் சட்டைப் பைக்குள்ளிருந்து அந்த நீல விசில் வந்தது.

மருமகள் என்றால் என் மனைவியின் அண்ணன் மகள். கொழும்பிலிருந்து படிக்க வந்து எங்களோடு இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் வந்த பிறகுதான் எங்கள் வாடகை வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்கும் சத்தம் கேட்டது. நகர மையத்தில் ஒரு வருஷப் புகுமுக வகுப்பை முடித்துவிட்டு, யூலையில் பல்கலைக்கழகத்தில் சேர இருந்தாள். படிப்பில் கெட்டிக்காரி. வாயிலும்தான்.

அவளுக்குச் சின்ன வயதில் தொய்வு இருந்தது. மூச்சு இழுக்கும், நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரிக் கேட்கும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. பெண்பிள்ளை பெரிய பிள்ளையானால் தொய்வு தானே விட்டுவிடும். அவள் பெரிய பிள்ளையானாள், சாமத்தியச் சடங்கு செய்தார்கள், தொய்வும் விட்டுவிட்டது என்று வீட்டார் எல்லோரும் முடிவெடுத்தார்கள். தொய்வை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் அந்தப் பஃபரைத் துடைத்து அவள் மேசையில், புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். அன்று பின்னேரம் அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன். அதன் பிறகு அவளுடைய உடுப்புப் பைகள் எப்போதும் வெறுமையாகவே வந்தன.

காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு மேட்டில் ஏற வேண்டும். இங்கே மாரிகாலம் யூனில்தான் வரும். அந்தக் குளிர் தொடங்கியதும், பாதி மேட்டில் அவள் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். அந்தச் சப்பாத்துக்குக் கயிறு இல்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு, எனக்கும் சப்பாத்துக் கட்ட இருப்பதுபோல் பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"பிள்ளை, டொக்டரிட்டைக் காட்டினனியோ?"

"கொழும்பில படிக்கேக்க மருந்துக் கடையில வாங்கினது மாமா. அதுதான் இப்பவும். முடியாமல் இருக்க எப்பன் எப்பனா எடுக்கிறன்."

"டொக்டரிட்டைப் போனா என்ன?"

"போனா மாமிக்குத் தெரியும். மாமிக்குத் தெரிஞ்சா அப்பாவுக்குத் தெரியும். அப்பா என்ன சொல்லி அனுப்பினவர் தெரியுமோ? பிள்ளைக்கு ஒரு தும்மல் கூட வந்தாலும் பிளேன் ஏத்தி விடு எண்டு. குளிர் ஊர் வேண்டாம், மதராசுக்குப் போய்ப் படி எண்டவர். நான் அழுதுதான் வந்தனான்." மூச்சு எடுத்துக்கொண்டாள். "குளிர் முடியச் சரியாயிடும். நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ மாமா."

"நான் எப்ப கதைச்சனான்," என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் அந்தப் பூனை கத்தியது. குளிர் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் சேருமுன் மருத்துவத்துக்கு என்ன ஏற்பாடு என்று காட்ட வேண்டியிருந்தது. முதல் வருஷம் அவளுக்கு ஒரு வருஷப் பெர்மிட்தான், அதனால் தகப்பன் கொழும்பிலேயே பயணக் காப்புறுதி வாங்கி அனுப்பியிருந்தார். இப்போது படிப்புக்காக மூன்று வருஷப் பெர்மிட் கிடைத்திருந்தது. இரண்டு வருஷமோ அதற்கு மேலோ பெர்மிட் உள்ளவர்கள் அந்த நாட்களில் இந்நாட்டவர் மாதிரியே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இல்லை, எங்களுக்குத் தனியார்தான் வேண்டுமென்றால் காப்புறுதி எடுத்துக்கொள்ளலாம். அரசாங்கமா, தனியாரா. இரவுச் சாப்பாட்டு மேசையில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

"எனக்கு அரசாங்கம் காணும் மாமி," என்றாள் மருமகள்.

"உனக்கென்ன தெரியும்? அரசாங்க ஆஸ்பத்திரி எண்டால் கட்டிலுக்கு மேலையும் ஆள், கீழையும் ஆள். அண்ணை கேட்டால் என்னைத் தின்னுவார்."

"அது ஊரில மாமி. இஞ்ச மாமாதானே பெட்சீட் தோய்க்கிறார். மாமா, கட்டிலுக்குக் கீழ விரிச்ச சீட் எப்பவாவது வந்ததோ?"

"இல்லை," என்றேன். எனக்கு அந்த விரிப்புகளைத் தெரியும். மூலையில் நீலக்கோடு போட்டது. நல்ல கனமான துணி. கிழிந்தால் தைத்து அனுப்ப மாட்டோம், தனியே எடுத்துவிடுவோம். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் எனக்கு அந்தச் சூடான விரிப்பின் மணம்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி ரசத்தை ஊற்றிவிட்டாள்.

"உவர் தோய்க்கிறார் எண்டதுக்காக நாங்கள் போய்ப் படுக்க ஏலுமோ? பிரைவேட்தான்."

மனைவி தனியார் பக்கம் இவ்வளவு உறுதியாக நின்றதற்கு அண்ணன் மட்டும் காரணமில்லை. அது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் காப்புறுதி எடுத்துக் கொடுப்பவர். கிழமை நாட்களில் எல்லர்ஸ்லிப் பக்கம் தன் கம்பனிக் கந்தோரில் இருப்பார். சனிக்கிழமைகளில் கைப்பெட்டியோடு வீடுகளுக்கு வருவார். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நாங்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவருடைய அண்ணனுக்கு ஒரு மகன், எஞ்சினியர், உயரமான பெடியன். மனைவி அவனை ஒரு வருஷமாக மனதில் குறித்து வைத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் என்னிடம், மருமகள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து. "இன்சூரன்ஸ் எடுக்கேக்க என்ன செய்வினம்? ஒவ்வொரு வருத்தமாக் கேட்டு, இருக்கோ இல்லையோ எண்டு எழுதுவினம். அந்த மனுஷன் தன்ர கையால எங்கட பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டு எழுதினால், பிறகு ஆராவது சாதகத்தோட நோய் நொடியைப் பற்றி விசாரிப்பினமோ? அவரே போய்ச் சொல்லுவார், அண்ணை, பிள்ளை தங்கக்கட்டி எண்டு."

மணப்பெண்ணுக்கு நற்சான்று வாங்கக் காப்புறுதி முகவரைக் கூப்பிடுகிறவள் உலகத்தில் வேறு யாராவது இருந்திருப்பாளோ தெரியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "பிள்ளைக்கு..." என்று தொடங்கினேன். மேட்டில் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்குப் படிப்பு முடியட்டுமே."

"படிப்பு முடியேக்க பெடியன் இருப்பானோ?" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே மழையும் காற்றும். எங்கள் வீடு பலகை வீடு. ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, எண்ணெய் ஹீட்டரைப் போட்டிருந்தோம். மனைவி விடியவே எழும்பி வடைக்கு அரைத்து, கோழிக்கறி வைத்து, பருப்புக் காய்ச்சி, வீட்டை ஒரு கலியாண வீடாக்கிவிட்டாள். மருமகளைப் பச்சைச் சேலை கட்டச் சொன்னாள்.

"இன்சூரன்ஸுக்குச் சேலையோ மாமி?"

"பெரிய மனுஷர் வருகினம். மரியாதை."

அவர் வந்தார். கட்டையான, சிரிக்கச் சிரிக்கக் கதைக்கிற பம்பலான மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "என்ன தங்கச்சி, மணம் றோட்டு வரைக்கும் வருது. நான் காப்புறுதி விக்க வந்தனோ, சாப்பிட வந்தனோ எண்டு எனக்கே விளங்கேல்லை," என்றார். நான் "வாங்கோ" என்றேன். அதோடு என் பங்கு முடிந்துவிட்டது என்று மூலைக் கதிரையில் போய் இருந்தேன். மருமகள் எதிரே இருந்தாள். அன்று காலையே அவளுக்குச் சரியில்லை என்பது தோள் எழும்பி இறங்குவதில் தெரிந்தது.

அவர் முதலில் தனியார் காப்புறுதியின் நன்மைகளைச் சொன்னார். பித்தப்பைக் கல், ஹேர்ணியா போன்றவற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்ய அரசாங்கத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இதில் உடனே செய்யலாம், தனி அறை, தொலைக்காட்சி. மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனையைத் திறந்தார்.

"இனி வருத்தங்கள். பிள்ளை சொல்லட்டும். இதய வருத்தம்?"

"இல்லை," என்றாள் மனைவி.

"சலரோகம், சீனி வருத்தம்?"

"எங்கட பரம்பரையிலயே இல்லை."

"முதுகு நோ, மூட்டு நோ?"

"நேற்றும் கீழ இருந்துதான் தேங்காய் திருவினவள். நல்லாச் சமைப்பாள் அண்ணை. கண்ணாடி கூடப் போடேல்லைப் பாருங்கோ. பல்லெல்லாம் தன்ர பல்லு."

"அது இதில கேக்கேல்லைத் தங்கச்சி."

"கேக்காட்டிலும் எழுதி விடுங்கோ."

மருமகள் என்னைப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு மெல்லப் பிடிபட்டுக்கொண்டிருந்தது போலிருந்தது.

அடுத்த கேள்விக்கு முன் மனைவிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த மோர் மிளகாய் அலுமாரியில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அதைப் பொரித்து வைத்தால் அந்த மனிதர் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார் என்று எழும்பிக் குசினிக்குப் போனாள். "நீங்கள் கேளுங்கோ, எனக்கு இஞ்சையும் கேக்கும்," என்றாள்.

காய்ந்த எண்ணெயில் மோர் மிளகாய் விழுந்தால் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஊரில் என்றால் புகை கிடுகுக் கூரை வழியாகப் போய்விடும். இங்கே ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. புகை கதவால் வந்தது, எங்களைச் சுற்றி உட்கார்ந்தது. முதலில் அவர் இருமினார். பிறகு நான் இருமினேன். குசினிக்குள் மனைவி இருமிக்கொண்டே சட்டியைக் கிளறினாள். இருமாதது மருமகள் மட்டும்தான். கதிரையின் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, நிமிர்ந்து இருந்தாள். சேலைக்கு மேலே கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் படித்தார். "மூச்சுச் சம்பந்தமா ஏதும்? ஆஸ்மா, தொய்வு?"

"இல்லை," என்றாள் மனைவி குசினியிலிருந்து, இருமலுக்கு நடுவில்.

நான் எழும்பினேன். எப்படி எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். மழை உள்ளே அடித்தது. அவளுடைய அறைக்குப் போய், புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டேன். இருந்தது. கொண்டுவந்து, வடைத் தட்டை நீட்டுகிற மாதிரி உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினேன். ஒரு கணம் அவள் எடுக்கவில்லை. பிறகு எடுத்து, குலுக்கி, வாயில் வைத்து அமுக்கினாள். மூச்சை அடக்கினாள். விட்டாள். திரும்பவும் ஒருமுறை.

அவருடைய பேனை அந்தக் கேள்விக்கு மேலே நின்றது. மனைவி துளைக்கரண்டியோடு குசினி வாசலில் நின்றாள்.

"அதுக்கு ஓம் எண்டு எழுதுங்கோ," என்றேன்.

அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்ன இரண்டாவது வசனம் அதுதான். குரல் எனக்கே வேறொருவருடையது போல் கேட்டது.

குசினியில் மோர் மிளகாய் கருகும் மணம் வந்தது. மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மருமகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவளுடைய முதுகில் கையை வைத்தாள். கைக்கு அந்தப் பூனைச் சத்தம் தெரிந்திருக்க வேண்டும்.

"விட்டிட்டுது எண்டல்லோ சொன்னவை," என்றாள் மெல்ல.

"விடேல்லை மாமி."

"எப்பவிருந்து?"

"எப்பவுமே."

மனைவி முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தாள். புகைக்கா, இதற்கா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு இன்னொரு கவலை பாக்கியிருந்தது. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அண்ணை, உங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ."

"எங்கட ஆக்கள் எண்டால் ஆர் தங்கச்சி?"

"உங்கட அண்ணன் வீட்டுக்குத்தான். பெடியனுக்குப் பாக்கினமெண்டு..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவனுக்கோ? அவனுக்குத் தையில சிட்னியில கலியாணம் முடிஞ்சுது. நான் போய் அறுசுவையும் சாப்பிட்டுப்போட்டு வந்தனே."

மனைவி என்னைப் பார்த்தாள். மண்டபத்தில் ஆண்கள் பக்கத்தில் இருந்தும் இந்தச் செய்தியைக் கொண்டு வராத மனுஷன் என்ற பார்வை. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

"மாமி," என்றாள் மருமகள், "எனக்குக் காப்புறுதி எடுத்தனீங்களோ, மாப்பிள்ளை எடுத்தனீங்களோ?" கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிக்கச் சிரிக்க இழுத்தது, இழுக்க இழுக்கச் சிரித்தாள். "சிரிக்காதை, சிரிக்காதை" என்று மனைவி அதட்டினாள். அதட்டிக்கொண்டே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மருமகளின் மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவர் பேனையை மூடினார்.

"இனி நான் கந்தோர்க்காரனா ஒண்டு சொல்லட்டே. முந்தியே இருக்கிற வருத்தத்துக்குக் கம்பனி காசு தராது. தொய்வு இருக்கெண்டு எழுதினால், தொய்வைத் தவிர மிச்சத்துக்கு எடுப்பாங்கள்."

"எனக்கு மிச்சம் ஒண்டும் இல்லையே அங்கிள்."

"அதுதான் சொல்லுறன். மறைச்சு எழுதியிருந்தால் இன்னும் மோசம். நாளைக்கு வேற ஏதாவது எண்டு போனாலும் பழசைத் துருவி எடுத்து, எல்லாத்துக்கும் கையை விரிச்சுப்போடுவாங்கள். உமக்கு எவ்வளவு காலத்துக்குப் பெர்மிட்?"

"மூண்டு வருஷம்."

அவர் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்ப என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

மனைவி வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மூச்சு முட்டினால் எந்தப் பிரைவேட்டும் உடன எடுக்காது தங்கச்சி. அவசரம் எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரிதான். எனக்கு வந்தாலும் நான் அங்கதான் ஓடுவன். கால் கை முறிஞ்சாலும் இந்த நாட்டில அரசாங்கம்தான் பாக்கும். குடும்ப டொக்டருக்குக் கொஞ்சம் கட்ட வேணும், அதைக் கட்டி உடன காட்டுங்கோ. கல்லோ ஹேர்ணியாவோ வந்தால் என்னைக் கூப்பிடுங்கோ." பெட்டியை மூடினார். "என்ர மனுஷிக்கு இதைச் சொல்லாதேங்கோ. வந்த ஆளை அரசாங்கத்துக்கு அனுப்பினன் எண்டால் எனக்கும் சாப்பாடு இல்லை."

எங்கள் வீட்டில் அவருக்குச் சாப்பாடு இருந்தது. ஜன்னலைத் திறந்தபடியே, ஸ்வெட்டரோடு இருந்து சாப்பிட்டோம். கருகாமல் தப்பிய மோர் மிளகாயை அவரே முடித்துவிட்டு, பொரிக்காததில் கொஞ்சம் கடதாசிப் பையில் சுற்றிக்கொண்டு போனார்.

ஆனால் கொழும்பு பாக்கியிருந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். அன்று இரவு மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. "பிளேன் ஏத்தச் சொல்லுவார் மாமி," என்றாள். மனைவி அவள் மிச்சம் வைத்த சோற்றை மூடி வைத்தாள். எனக்கு மனைவியை நினைக்கத்தான் பயமாக இருந்தது. அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொன்ன பழக்கம் அவளுக்கு இல்லை. எங்கள் கலியாணத்துக்குக்கூட அண்ணன் தலையாட்டிய பிறகுதான் அவள் ஆட்டினாள்.

ஞாயிறு இரவு தொலைபேசி மணி அடித்தது. நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை. மருமகள் என் பக்கத்தில் வந்து, துடைத்த கோப்பைகளைத் திரும்பத் துடைத்தாள்.

"ஓம் அண்ணை. சுகம். பிள்ளையும் சுகம். இல்லை, முழுச் சுகமில்லை. அவளுக்குத் தொய்வு விடேல்லை... நான் கையை வைச்சுப் பாத்தனான்... இல்லை, நீங்கள் முதல் கேளுங்கோ."

அவள் அண்ணனிடம் "கேளுங்கோ" என்று சொன்னதை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"அங்க வந்தால் விட்டிடுமோ? அங்க இருக்கேக்கயும் இருந்ததுதானே. அங்க ஒளிச்சு வைச்சவள், இஞ்சையும் ஒளிச்சு வைச்சவள். எங்களுக்குப் பயந்துதான் டொக்டரிட்டைப் போகேல்லை. நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்... கலியாணமோ? அண்ணை, இஞ்ச பஃபர் இல்லாத ஆளைத்தான் விளக்குப் பிடிச்சுத் தேட வேணும். உவர் ஆஸ்பத்திரியில டப்பா டப்பாவாப் பொறுக்கிறார், டொக்டர்மாரின்ர பையிலயே இருக்காம். டொக்டர்மார் கலியாணம் கட்டேல்லையோ?... இல்லை, பிரைவேட் இல்லை. அரசாங்கம். ஏன் குறைவோ? உவர் தோய்ச்ச விரிப்பிலதான் படுக்கிறாங்கள், வெள்ளைக்காரரும். கட்டிலுக்குக் கீழ ஒருத்தரும் இல்லை."

பிறகு நெடுநேரம் அவள் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னாள். மருமகளின் கையில் இருந்த கோப்பை துடைபட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மனைவி குசினி வாசலுக்கு வந்தாள்.

"குளிர் முடியும் வரைக்கும் பாப்பமாம். ஞாயிறு ஞாயிறு மூச்சுக் கேட்டுச் சொல்லட்டாம்," என்றாள். பிறகு, "அந்தக் கோப்பையை வை, தேஞ்சு போகப்போகுது," என்றாள்.

டொக்டர் அவளுக்குக் காலையும் மாலையும் எடுக்க ஒரு மண்ணிறப் பஃபரும், அவசரத்துக்கு நீலத்தில் புதியதொன்றும் கொடுத்தார். அறை எப்படி என்று கேட்டாராம். அவளுடைய அறை தெற்குப் பக்கம். இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வரும், அந்தச் சுவருக்கு மாரி முழுக்க வெயில் கிடையாது. மனைவி வீட்டுக்கு வந்ததும் அலுமாரியை நகர்த்திப் பார்த்தாள். பின்னால் கறுப்பாய்ப் பூஞ்சணம். அன்று பின்னேரமே எங்கள் கட்டில் தெற்கறைக்கு வந்தது, அவளுடைய கட்டில் எங்கள் அறைக்குப் போனது. சுவரைத் தேய்க்கும் வேலை, துணி சம்பந்தப்பட்ட வேலையாக இல்லாவிட்டாலும், எனக்குத்தான் வந்தது. மோர் மிளகாய் அதன் பிறகு பின்வளவில்தான் பொரிந்தது, மனைவி மழைச் சட்டை போட்டுக்கொண்டு.

மனைவிக்குத் தெரிந்துவிட்டது என்ற பிறகு, ஊருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பூசை முடிந்து பந்தி வைத்திருந்த நேரம், பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கம் வரைக்கும் கேட்க, "பிள்ளை, பின்னேரப் பஃபர் எடுத்தனியோ?" என்று கேட்டாள்.

"மாமி, மெல்ல," என்றாள் மருமகள்.

"ஏன் மெல்ல? எல்லாரும் இதைக் கேக்கட்டும்."

கேட்டார்கள். பந்தியில் இருந்த ஒரு தாய், தன் கைப்பைக்குள்ளிருந்து ஒரு நீலப் பஃபரை எடுத்து நீட்டி, "நீயும் எடு" என்று தன் மகனை அதட்டியது எனக்குக் கேட்டது. நான் செம்போடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் மாதம் அவள் மேட்டில் நிற்காமல் ஏறத் தொடங்கினாள். நான்தான் பின்னால் வந்தேன். அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல் உடுப்புகளைப் பிரித்தேன். மனைவியின் சட்டை, என் சட்டை, பிறகு அவளுடைய கம்பளிச் சட்டை. பைக்குள் கையை விட்டேன். நீலம், மண்ணிறம் இரண்டும் கிடந்தன, ஒரு பஸ் டிக்கெட்டும் பாதி கடித்த பிஸ்கட்டும் கூட.

"பிள்ளை, பையைப் பாத்துப் போடு," என்று அறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"நீங்கள்தானே பாக்கிறனீங்கள் மாமா," என்று பதில் வந்தது.